முப்பத்தொரு பற்கள்

கோலோன் துறைமுகம், எட்டாம் தெரு,
மருந்துக்கடைக்கு மேலே என் பல் மருத்துவமனை.
காத்திருக்கும் பெஞ்சில் எப்போதும் இதே சண்டை:
லியோனிதாஸ் காஸ்தானேடாவா, ஜெர்வின் அரோசெமேனாவா,
ஒரே காலத்தில் பிறந்திருந்தால்
யார் யாரை வீழ்த்தியிருப்பார்?

மீன் லாரி ஓட்டும் பாஸ்குவால் சொல்வான்:
காஸ்தானேடாவைக் குத்துவது
கொட்டும் மழையில் ஒரு துளியைக் குறிபார்ப்பது.
சுங்கத்தில் வேலைபார்க்கும் எதெல்வினா
வீங்கிய கன்னத்தை அழுத்திக்கொண்டே மறுப்பாள்:
"மழையா? ஜெர்வின் கூரையையே பிடுங்குவான்."

நான் வாய் திறப்பதில்லை.
இருவர் பல்லையும் பிடித்துப் பார்த்தவள் நான்.

பழைய படச்சுருளில் காஸ்தானேடா
கயிற்றில் முதுகு சாய்த்து நிற்கிறார்.
கைகள் இடுப்பில்; யாருக்கோ காத்திருப்பவர் போல.
மரக்காய்போவிலிருந்து வந்தவன் குத்துகிறான், குத்துகிறான்,
காது இருந்த இடத்தில் காற்று,
தாடை இருந்த இடத்தில் காற்று.
கடைசியில் வீசிய வேகத்தில் வீசியவனே விழுகிறான்.
கைகொடுத்துத் தூக்கிவிட்டு
மறுபடி விலகிக்கொள்கிறார்.
அன்று அரங்கில் ஆரஞ்சுத் தோல் எறிந்தார்களாம்.
காசு கொடுத்து வந்தவர்களுக்கு
ரத்தம் வரவில்லை என்று கோபம்.

ஜெர்வினிடம் அந்தக் குறை கிடையாது.
ஒன்று கொடுக்க இரண்டு வாங்குவான்.
இருபத்திரண்டு சண்டை, இருபத்திரண்டு வெற்றி,
நாலாவது சுற்றுக்குள் எல்லாம் முடிந்துவிடும்,
தூக்கிய ஆயிரம் கைபேசிகளும்
அந்த ஒரு நொடிக்காகவே விழித்திருக்கும்.
முன்பல் மூன்று நான் திருகி வைத்தவை.
தாடைக்குள் ஒரு டைட்டானியத் தகடு.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்;
அவனுக்குச் சொல் போகவில்லை,
'ஸ' மட்டும் கொஞ்சம் சீட்டியடிக்கும்.

காஸ்தானேடா முதன்முதலாக வந்தபோது வயது எழுபத்தொன்று.
எண்பத்தெட்டு சண்டைகள் கண்ட வாய்.
எண்ணினேன், திரும்ப எண்ணினேன்:
முப்பத்தொன்றும் அவருடையவை.
குறைந்த ஒன்று ஞானப்பல்,
அதைப் பிடுங்கியது ஓர் இடுக்கி.
எந்த முஷ்டியும் அல்ல.

பிறகு விளக்கை இறக்கிக் கடைவாயைப் பார்த்தேன்.
பழைய சுங்கச்சாவடியின் படிக்கட்டு போல
நடுவில் குழிந்து, வழவழவென்று,
ஒன்றுவிடாமல் தேய்ந்திருந்தன.

"ராத்திரியானால் அரைப்பார் டாக்டர்," என்றாள் பெர்பெத்துவா.
"தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
நாற்பது வருஷமாகச் சுவரோரம் ஒதுங்கிப் படுக்கிறேன்."

கனவில் யார் வருகிறார்கள் என்று கேட்டேன்.
வாயில் பஞ்சோடு சிரித்தார்.
"யாருமில்லை. கையுறைகள் மட்டும்.
என்மேல் படாமல் போனதெல்லாம்
எங்கேயாவது போய்ச் சேர வேண்டாமா?"

ஜெர்வினோ
நான் துளைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டான்.
பூட்ட மறந்த வீடு மாதிரி வாய் திறந்து கிடந்தது.
கருவியை நிறுத்திவிட்டு
அந்தக் குறட்டையைச் சற்று நேரம் கேட்டேன்.
இத்தனை அடி வாங்கிய தலைக்குள்
இவ்வளவு அமைதியா என்று
கொஞ்சம் பொறாமை.

எழுந்ததும் படிவத்தை நீட்டினேன்.
போன வருடம் அவன் கையெழுத்து
கோட்டின்மேல் நிமிர்ந்து நின்றது.
இந்த முறை
கடைசி மூன்று எழுத்தும் கோட்டை விட்டு இறங்கி
கீழே சரிந்துபோயிருந்தன.
அவனும் பார்த்தான். நானும் பார்த்தேன்.
பேனா சரியில்லை என்றேன்.

ஒருநாள் கடை சாத்தியபின்
அலமாரியிலிருந்து இருவரின் மாவு அச்சையும் எடுத்தேன்.
இவர் மேல்தாடை, அவன் கீழ்த்தாடை,
பொருத்திப் பார்த்தேன்.
ஒரு பல்லும் இன்னொன்றைத் தொடவில்லை.
ஈரத்துணியால் துடைத்து
தனித்தனித் தட்டில் வைத்தேன்.

இன்றும் கதவைத் திறந்தால் பெஞ்சில் அதே கூச்சல்.
"டாக்டர், நீங்களே சொல்லுங்கள், யார்?"

"அடுத்தது யார்?" என்றேன்.

கன்னத்தைப் பிடித்தபடி எதெல்வினா எழுந்தாள்.