இருநூறு விழுக்காடு

கெர்கினி ஏரியிலிருந்து அறைக்கு வந்தது சாயங்காலம்.
இன்னும் கோட்டைக் கழற்றவில்லை,
ஹீட்டர் கடமைக்கு ஓடுகிறது.
கீழே ரொட்டிக்கடையில் அடுப்பு மூட்டிவிட்டார்கள்;
மாவு புளித்த வாசம் படியேறி வருகிறது.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு படங்கள்.
பறவை ஒன்றேதான் என்று சொன்னால்
தங்கை ஃபொதினி போனை வைத்துவிடுவாள்.

முதலில் கழித்தல்.
கண் தெளியாதது போகட்டும்.
சிறகுநுனி சட்டத்தில் வெட்டுப்பட்டது போகட்டும்.
மீன் எறியும் லாசரோஸின் கை தெரிகிற முந்நூறும் போகட்டும்
(இங்கே கொஞ்சம் நின்றேன்.
அந்தக் கை இல்லாவிட்டால்
பறவை படகுக்குப் பக்கத்தில் ஏன் வரப்போகிறது?
இருந்தாலும் அழித்தேன்.)
மிஞ்சியது பதினொன்று.
பிறகு ஒன்று.

கூழைக்கடா தண்ணீரை மிதித்து எழுகிறது.
பிடரியில் சுருட்டை முடி,
பாதித் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை மாதிரி.
தாடைப்பை ஆரஞ்சு,
குளிர் முடிகிற வாரங்களுக்கென்று எடுத்து உடுத்தும் நிறம்.
பின்னால் பெலெஸ் மலை, பாதிதான் தெரிகிறது.
வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை ஏற்றியிருந்தேன்.
அதற்கு வட்டியைப் படம் முழுக்க
மணல் மணலாய் வசூலித்திருந்தது கேமரா.

மணலை அள்ளினேன்.
ஸ்லைடர் முப்பதில் ஏரி அடங்கியது.
ஐம்பதில் மூடுபனி பட்டாயிற்று.
எழுபதில் பறவையே பீங்கான்,
கழுத்தில் விலைச்சீட்டு ஒன்றுதான் பாக்கி.
ஐம்பத்தைந்துக்கு இறங்கி வந்தேன்.

கூர்மைக்கு வேறு கணக்கு.
வானத்துக்குக் கறுப்பு மாஸ்க் பூசி
உனக்கு ஒன்றும் வேண்டாம் என்றேன்.
தண்ணீருக்கும் அதே, தெறித்த துளிகள் தவிர.
கண்ணுக்குத் தாராளம்:
வெளிறிய வட்டம், நடுவில் மிளகளவு கறுப்பு.
சிறகு விளிம்பில் இன்னும் கொஞ்சம் கூட்டியதும்
வெள்ளைக்கோடு ஒன்று சுற்றி எழுந்தது,
கோயில் சுவரில் புனிதர்கள் தலைக்குப் பின்னால் வரைவார்களே, அது.
இவன் புனிதன் இல்லை.
காலையில் பக்கத்துப் பறவையின் வாயிலிருந்து மீனைப் பிடுங்கி
அதையும் நழுவவிட்டான்.
குறைத்தேன்.
அச்சுக்குப் போகும் அளவில் சேமித்தேன்.

படுக்கப் போகுமுன் ஒரு பழக்கம்:
மூலத்தையும் முடிந்ததையும் பக்கத்தில் பக்கமாக
இருநூறு விழுக்காட்டில்.

மூலத்தில், மணலுக்கு நடுவே,
அலகுக்குக் கீழே ஒரு கோடு.
முடிந்ததில் இல்லை.

சென்சார் தூசியா?
தூசி என்றால் எல்லாப் படத்திலும் ஒரே மூலையில் உட்கார்ந்திருக்கும்.
இது பறவை திரும்பினால் திரும்புகிறது.
குப்பைத்தொட்டியிலிருந்து முந்நூறையும் வெளியே எடுத்தேன்.
லாசரோஸின் கைக்கு அருகே, நல்ல வெளிச்சத்தில், தெளிவாக:
தூண்டில் நரம்பு.
தாடைப்பையில் நுழைந்து
கழுத்தை ஒரு சுற்று சுற்றி
நெஞ்சு இறகுக்குள் போய் மறைகிறது.

இதைத்தான் மணலோடு மணலாய் அள்ளிப்போட்டிருந்தேன்.

மணி நாலு இருபது.
எல்லா ஸ்லைடரையும் பூஜ்யத்துக்கு இழுத்தேன்.
கண்ணை விட்டேன், மலையை விட்டேன்,
நரம்புக்கு மட்டும் மாஸ்க் வரைந்து
விளிம்பு வெளுத்தால் வெளுக்கட்டும் என்று கூட்டினேன்.
வேறு யாராவது இப்படிக் கொண்டுவந்திருந்தால் திட்டியிருப்பேன்.

லாசரோஸுக்கு அனுப்பினேன். படகை இறக்கும் நேரம்; உடனே அழைத்தான்.
"இவன் நம்ம மந்திரிதானே!
மூன்று நாளாக மீனைப் பிடிக்கிறான், கீழே விடுகிறான்.
திமிர் என்று நினைத்தேன்."
கொஞ்ச நேரம் படகுச் சத்தம் மட்டும்.
"வலை இருக்கிறது, கத்தரி இருக்கிறது.
நீ வா. கேமரா வேண்டாம்,
இறக்கையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்."

கீழே தெஸ்பினா மாவுக்கையோடு
சூடாக இரண்டு ரொட்டி சுற்றிக் கொடுத்தாள்.
காசு கொடுக்க மறந்து காரில் ஏறிவிட்டேன்.
ஏரிக்கரைச் சாலையில் மூடுபனி,
விளக்கொளியில் மணல் மணலாய்.
கண்ணாடியை இறக்கி
மெதுவாக ஓட்டினேன்.