ஒரு லட்சத்துக்கு

ஊட்ரம் சாலை, ஏழாம் மாடி.
குளிரூட்டி எப்போதும் தேவைக்கு மேல்தான்.

இன்று காலை இரண்டு வைரக்கண்ணுகள்.
ஒருவருக்கு ஜூரோங்கில் பெருங்குடல்,
இன்னொருவருக்கு நொவீனாவில் பெருங்குடல்.
பிறந்த தேதி ஒன்றே.
அடையாள எண்ணில் மூன்றும் எட்டும்
இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.
ஹுய்மின் எட்டிப் பார்த்தாள்: "ஒரே ஆள்தான், சேர்த்துவிடு."
சேர்த்தேன்.
நாட்டில் ஒரு புற்றுநோய் குறைந்தது.
யாரும் குணமாகவில்லை.

மதியம் இறப்புப் பதிவோடு பொருத்தும் வேலை.
துவாஸ் விடுதியிலிருந்து ஒரு தாள்.
முகவரியில் கட்டில் எண்வரை இருந்தது.
ஈரல். வயது நாற்பத்தொன்று.
வேலை அனுமதிக்காரர்;
குடியிருப்போர் விகிதத்தில்
மேல் எண்ணிலும் வரமாட்டார், கீழ் எண்ணிலும்.
இருந்தும் குறியீடு போட்டு வைத்தேன்.

பிறகு வயதைச் சரிக்கட்ட வேண்டும்.
அதற்கென்றே ஒரு மக்கள்தொகை உண்டு:
எந்த ஊரிலும் பிறக்காத ஒரு லட்சம் பேர்.
எத்தனை குழந்தைகள், எத்தனை கிழவர்கள் என்று
யாரோ என்றோ உட்கார்ந்து வகுத்தது.
அவர்களுக்கு மூப்பில்லை.
நம் சாவுகளை அவர்கள்மேல் ஏற்றித்தான்
பக்கத்து நாட்டோடு ஒப்பிடுகிறோம்.

தசமத்துக்குப் பின் ஓரிலக்கம் போதுமாம்.
அறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்கு.

கிளம்பும் முன் மறுபடி வைரக்கண்ணு.
இருக்கிறார். போன மாதம்கூட
ஸ்கேனுக்கு வந்து, பேருந்து பிந்தியதென்று
தாதியிடம் சண்டை போட்டிருக்கிறார்; குறிப்பில் இருக்கிறது.
'கடைசியாக உயிருடன் அறியப்பட்ட நாள்.'
கண்ணை மூடிக்கொண்டும் தட்டச்சு செய்வேன் நான்.
அந்தக் கட்டத்தை மட்டும்
ஒவ்வோர் எண்ணாக.