குமிழி நடுவில் நிற்கையில்

இந்தப் பெட்டிக்குக் கழுத்து உண்டு.
கண்ணை இடது கோடியில் வைத்துக்கொண்டு
விசையை அழுத்தியதும்
விர்ரென்று வலது கோடிவரை திரும்பும்,
பந்தியில் யார் இலைக்குப் பாயசம் வரவில்லை என்று
பார்த்துக்கொண்டே போகிறவர் மாதிரி.

கப்பல் சமையல்காரர் ஒருவர்
ரங்கூனில் விட்டுப்போன ரஷ்யச் சரக்கு.
கையேட்டில் ஓர் எழுத்தும் புரியவில்லை.
அதில் வரைந்திருந்த கையை நம்பாமல்
என் கையை நம்பினேன்.
ஒரு சுருளுக்கு இருபத்தொரு படம்.
இருபத்தொன்றிலும் இரண்டு ஓரத்திலும் விரல்கள்:
மோல்மீனைச் சப்பாத்திபோல் பிடித்துக்கொண்டு
தின்னப்போகிற எவனோ.
கழுவித் தந்த கோ தெய்ன் ஸோ
ஒன்றும் சொல்லாமல் பாதிக் காசைத் திருப்பினார்.

தலையில் ஒரு குமிழி,
கொத்தனார் மட்டக்கோலில் இருப்பதுபோல.
பெட்டி குனிந்தால் சால்வீன் ஆறு முதுகு தூக்கும்,
நிமிர்ந்தால் ஈரவேட்டி போட்ட கொடியாய்த் தொய்யும்.
மூச்சடக்கிக் குமிழியை நடுவில் நிறுத்தினேன்.
எதிரே என்ன இருந்தது என்று பார்க்க மறந்தேன்.
ஒரு சுவர். ஒரு நாய். நல்ல மட்டமான நாய்.

டீக்கடைச் சொக்கநாதனை நடக்கச் சொன்னேன்.
கண் போகும் திசையில் நடந்தவன்
ரயில்பெட்டிபோல் நீண்டான்.
எதிர்த்து நடந்தவன் ஊதுபத்தி.
இரண்டாவதை மனைவியிடம் காட்டினான்:
"நீ போடுகிற சோற்றுக்கு மிச்சம் இவ்வளவுதான்."

பிறகு அந்தச் சாயங்காலம்.
படகுத்துறைப் பலகையில் நின்று
கரையோரச் சாலையைப் பார்த்தேன்.
விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது,
வானத்தில் இன்னும் கொஞ்சம் நீலம்.
குமிழி நடுவில். விரல்கள் பின்னால்.
அழுத்தினேன்.
கண் கிளம்பி, வளையல் கடை தாண்டி,
பள்ளிவாசல் முனைக்கு வரும்போது
கரண்ட் போயிற்று.
ஊரே ஓவென்றது.
கண் நிற்கவில்லை,
மீதியை இருட்டில் நடந்து முடித்தது.

படத்தில் இடது பாதி ஊருக்கு விளக்கு.
வலது பாதிக்கு இல்லை.
நடுவே விரற்கடை அகலம் ஒரு மங்கல்.

டீக்கடையில் மேசைக்கு மேசை போனது.
"ஆபீசர் வீடுகள் அந்தப் பக்கம்தானே."
வலது பக்கத்து டோ மியா
"நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்" என்றார்.
விளக்கினேன்: கரண்ட் எல்லாருக்கும்தான் போனது,
இந்தக் கண் இடது பக்கத்தை முதலில் பார்க்கும்,
வலது பக்கத்துக்கு ஒரு விநாடி தாமதம்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதாவது, அவர்களைப் பார்த்து முடித்துவிட்டு
அப்புறம்தான் நம்மிடம் வந்தது."
மறுக்க வாயில்லை.

தலைகீழாகப் பிடித்தால்
கண் வலமிருந்து கிளம்பும்.
குமிழிதான் ஒத்துழைக்காது, போகட்டும்.
நாலு நாளாக அதே பலகையில்
பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து நிற்கிறேன்.
இப்போதென்று பார்த்து
கரண்ட் போக மாட்டேன் என்கிறது.