வயிறு சிவந்தது

முப்பத்தேழில் ஒரு ராவுக்கு நாலணா.
வேலை இதுதான்:
முழங்காலுக்கு மேலே வேட்டியைச் சுருட்டிக்கொண்டு
ஆழியாற்றுக் குட்டையோரம்
அசையாமல் உட்கார்ந்திருக்க வேணும்.
கடிக்க வருகிற கொசுவைக்
கண்ணாடிக் குழாயால் மூடிப் பஞ்சடைக்க வேணும்.
'குடிக்க விடாதே, செங்காளி.
வயிறு சிவந்த கொசுவுக்குக் காலணா பிடிப்பேன்.'

குரோய்வா என்று பேர்.
எங்கள் வாய்க்குக் குருவய்யா.
ஜப்பான்காரர். தோட்டத்து டாக்டரின் கடுதாசியோடு
பொள்ளாச்சி ரயிலடியில் வந்திறங்கி
அட்டகட்டி போகிற வழியெல்லாம்
மாட்டின் குளம்படித் தண்ணீரைக்கூடக்
கரண்டியால் மொண்டு பார்த்தவர்.
வாலைத் தூக்கிச் சாய்ந்து உட்காருவதுதான்
மலைக்காய்ச்சல் கொசு என்று அவர்தான் காட்டினார்.

தம்பி வெள்ளிங்கிரியும் கூட உட்காருவான்.
அவன் காலுக்குத்தான் அதிகம் வரும்.
இனிப்பு ரத்தம் என்று சிரித்து
ஓரணா சேர்த்துக் கொடுப்பார்.
அந்த ஓரணாக்களில்தான்
நாகப்பட்டினத்துக்கு டிக்கெட் எடுத்தான்,
அங்கிருந்து கப்பலில் பினாங்கு,
பால்மரம் வெட்ட.

சண்டை வந்தது.
பொள்ளாச்சி ஸ்டேஷனில் ரெண்டு நாள் வைத்திருந்தார்கள்.
'என்ன மேப்புடா போட்டான் உன் ஜப்பான்காரன்?'
குட்டைங்க.
'பாலம்? ரோடு?'
குட்டை மட்டுந்தானுங்க.
பிரம்பு விழுந்தது
கூலிக்குக் காட்டின அதே காலில்.

சண்டை முடிந்து நாலாம் வருசம்
வியாழச் சந்தையில்,
மலாயாவிலிருந்து திரும்பின ஒருத்தன் சொன்னான்:
சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனார்கள்,
நாப்பத்திமூணு ஆடியில்
உன் தம்பி குளிர்காய்ச்சலில் போனான்,
குழி தோண்ட ஆளில்லை.
சொல்லிவிட்டுக்
காளையின் பல்லைப் பிடித்துப் பார்க்கத் திரும்பினான்.

ஐம்பத்தெட்டில் குருவய்யா மறுபடி வந்தார்.
ஆற்றில் அணை கட்டப் பேச்சு.
தலை நரைத்து, முன்பல் ரெண்டு தங்கம்.
என் பேரை மறக்கவில்லை.
தம்பி எங்கே, என்றார்.
சொன்னேன்.
சயாம் என்ற சொல்லுக்குப் பேனாவை மூடினார்.

நீங்க அப்ப எங்கிருந்தீங்க?
'அங்கேதான்.'
என்ன பண்ணுனீங்க?
'கொசு எண்ணினேன்.'
ஆளுகளை?

வெகுநேரம் கழித்து,
'அது வேறே ஆபீஸ்.'

அன்றைக்கு ராத்திரி வேட்டியைச் சுருட்டப் போனேன்.
கையைப் பிடித்து நிறுத்தித்
தன் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் ஏற்றினார்.
வெளுத்த கால். கணுக்காலுக்கு மேலே
காசு அகலத்தில் பழைய புண்ணின் தழும்பு.
குழாய் என் கையில்.

ஒன்றும் வரவில்லை.
நாலு வருசமாய்ச் சுவருக்குச் சுவர் டிடிடி.
ஒன்பது, பத்து, ஒரு மணி,
கட்டத்துக்குக் கட்டம் சைபர் போட்டார்.
தவளையும் இல்லாத அந்த ராத்திரியை
வேண்டித்தானே முப்பத்தேழில் வந்தார்?
கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல்
லாந்தர் திரியை ஏற்றினார், இறக்கினார்.

கோழி கூவக் கொஞ்சம் முன்னால்
ஒன்று வந்தது.
அவர் கெண்டைக்காலில்,
வாலைத் தூக்கிச் சாய்ந்து.
குழாயைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.
வைக்கவில்லை.
அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்,
வை என்று சொல்லவில்லை.
அடிவயிறு கொஞ்சங்கொஞ்சமாய்க்
குந்துமணி நிறத்துக்கு வருகிறவரை
ரெண்டு பேருமே மூச்சுவிடவில்லை.

அப்புறம் மூடினேன். பஞ்சடைத்தேன்.
ஒன்று, என்று எழுதினார்.
வயிறு சிவந்ததுன்னும் எழுதுங்க, என்றேன்.
எழுதினார்.

கூலியில் ஓரணா கூடுதலாக இருந்தது.
அதை மட்டும் லாந்தருக்குப் பக்கத்தில் விட்டு வந்தேன்.
மறுநாள் போனபோது அங்கே இல்லை.
அவர் எடுத்தாரா, சமையல்காரன் எடுத்தானா,
நான் கேட்டுக்கொள்ளவில்லை.