செம்புக் கம்பிக்கு ஓர் இடம்

முதலில் கூரை.
முகட்டு ஓட்டின் மேலாகப் பதினொரு முழம் செம்புக் கம்பி.
இறங்கிவந்து றேடியோவைத் திருப்பினால்
முப்பத்தொரு மீற்றர் முழுக்க
யாரோ தாச்சியில் மீன் பொரிக்கிறார்கள்.

அது பக்கத்து வீட்டு மரியநாயகத்தாரின்
புது பல்ப் என்று கண்டுபிடிக்க நாலு நாள்.
"ஒருக்கா லைற்றை நிப்பாட்டுங்கோ" என்று
மதிலுக்கு மேலால் கேட்டேன்.
நிப்பாட்டினார். பொரியல் நின்றது.
"சரி, இனிப் போடட்டோ?"
ஒரு மனிசனை இருட்டில் இருத்திவைத்து
எத்தனை நேரம் உலகத்தைக் கேட்பது.
போடுங்கோ என்றேன்.

பிறகு தண்ணீர்த் தாங்கி.
நல்ல உயரம். முன்னால் கடல்,
ஒரு பக்கம் சாமிமலை தோளைக் காட்டும், அவ்வளவுதான்.
இரண்டு கிழமை வெள்ளையாக எடுத்தது.
மோட்டர் ஓடும்போது மட்டும் ஒரு முனகல்.
வாடை தொடங்கியதும் உப்பு ஏறிவந்து
பற்றாசு வைத்த மூட்டெல்லாம் பச்சை பூத்தது.
ஏணியில் நின்று சுரண்டினேன்.
மறுநாளும் சுரண்டினேன்.
மூன்றாம் நாள் ஏணியே ஆடியது.

அடுத்தது வேலியோரம், ஆளுயரத்தில்.
அதை ஒரு மான் கொண்டுபோனது.
இந்த ஊர் மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை.
இரவில் டைக் வீதிக்கு வந்து
பலாத்தோல் தின்னும்; அகப்பட்டதைக் கொம்பில் மாட்டிக்கொண்டு போகும்.
அடுத்த நாள் பஸ் நிலையத்தடியில் கண்டேன்:
கிளைவிட்ட கொம்பு,
அதிலிருந்து என் கம்பி ஏழு முழம் தரையில் இழுபட,
வாயில் ஒரு வாழைப்பழத்தோல்.
தலையை மெல்ல மெல்லத் திருப்பி
ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தியது,
எதையோ பிடித்துவிட்டதுபோல.
சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி
கொஞ்ச நேரம் பொறாமைப்பட்டேன்.

"கொடிக் கம்பியில தொட்டுப் பாருங்கோவன்"
என்றாள் நேசமலர். பகிடிக்குத்தான்.
தொட்டேன்.
கிணற்றடியிலிருந்து முருங்கை வரைக்கும்
பதினாலு வருசம் எங்கள் ஈரத்தைச் சுமந்த கம்பி,
கேட்டிராத மூன்று நிலையங்களை
ஒரே மாலையில் இறக்கித் தந்தது.

அதற்கும் குணம் உண்டு.
சாரி தொங்கினால் குரல் ஒரு நூல் தள்ளிப்போகும்.
ஆஸ்பத்திரிக்கு அவள் உடுக்கிற வெள்ளை நாலும் விரித்தால்
வெறும் மூச்சு.
ஆக ஒப்பந்தம் செய்தோம்:
வெயில் அவளுக்கு, ஆறு மணிக்குப் பிறகு எனக்கு.
இரண்டுமுறை மழை மீறியது,
ஒருமுறை நான்.
அன்று அவள் ஈரத்தோடு வேலைக்குப் போனாள்.
அதைப் பற்றி நாங்கள் இன்னும் கதைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, எட்டுப் பத்துக்குக் கரண்ட் போனது.

பல்ப், மோட்டர், எங்கள் வீட்டு ஃபிறிட்ஜ்,
யாரோ வீட்டு அயன்பெட்டி,
எல்லாம் ஒன்றாக வாயை மூடின.
இத்தனை நாள் நான் குடியிருந்தது
எதற்குள் என்று அப்போதுதான் விளங்கியது.

பற்றறியில் ஓடிய றேடியோவுக்குள்
ஒருவன் தொண்டையைக் கனைத்தான்.
மொழி தெரியவில்லை.
எண்கள் சொல்கிறான் போல,
அல்லது மீன் விலை.
அவனுக்குப் பின்னால் ஒரு கதவு சாத்துப்பட்டது.
அவ்வளவு தூரத்தில், ஒரு கதவு.

நேசமலர் கழுவிய துவாயோடு வந்தவள்
கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
பக்கத்தில் இருந்தாள்,
ஈரத்தை மடியில் வைத்துக்கொண்டு.

எட்டு ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது.
வீதிப் பிள்ளைகள் எல்லாம் "ஓ" என்று கத்தினார்கள்,
மரியநாயகத்தார் உட்பட.
மீன் பொரியத் தொடங்கியது.

இடங்களுக்கெல்லாம் கொப்பியில் புள்ளி போட்டிருக்கிறேன்.
கூரை மூன்று, தாங்கி ஆறு,
மான் தெரியாது,
கொடி எட்டு.
அதற்குக் கீழே அன்றிரவு எழுதியதில்
மெழுகுதிரி ஒழுகிவிட்டது.
"நாற்பது நிமிசம்" என்பது மட்டும் தெரிகிறது.