கீழ்ப்புள்ளி

காலாப்பட்டில், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே
மூன்றாவது ஜெராக்ஸ் கடை என்னுடையது.
ஐப்பசி அடைமழை.
ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டிய ஆய்வேட்டை
பென் டிரைவில் அடக்கி, அதை உள்ளங்கையில் அடக்கி
வந்தாள் மொரெனிகே, நைஜீரியாக்காரி.
நுழைந்ததும் "ஏ கூ இஷே" என்றாள்.
காசு மாற்றக் கேட்கிறாளா, பாத்ரூம் கேட்கிறாளா என்று விழித்தேன்.
வேலையில் இருப்பவரைப் பார்த்தால் சொல்லும் வணக்கமாம்.
உட்கார்ந்திருப்பவருக்கு வேறு,
மழையில் மாட்டியவருக்கு வேறு.
பதினோரு வருஷமாக இந்த மெஷினோடு நிற்கிறேன்,
என் வேலைக்கு ஒரு வணக்கம் வந்தது அன்றைக்குத்தான்.

முதல் பக்கமே கட்டம் கட்டமாக வந்தது.
அவள் பெயரில் மூன்று எழுத்து இருந்த இடத்தில்
ஆளில்லாத மூன்று வீடு.
யொரூபாவின் எழுத்துரு என் கணினிக்குத் தெரியவில்லை.
"வெறும் புள்ளிதானே, விட்டுடலாமே?"

"ஒக்கோ," என்றாள். "கீழே புள்ளி வைத்தால் புருஷன்.
புள்ளியை எடுத்துவிடு, வயல்.
புள்ளியோடு குரலை ஏற்று, மண்வெட்டி.
இறக்கு, வண்டி."
ஒரு பேனாமுனை அயர்ந்தால்
புருஷனை உழுதுவிட்டு
மண்வெட்டியில் ஏறி ஊர் போய்ச் சேரலாம்.
சிரித்துவிட்டேன்.
அப்புறம்தான் உறைத்தது:
என் வீட்டுக்காரர் போனில் சொல்லும் "ம்" மூன்று வகை.
ஏறினால் கேள்வி, இறங்கினால் சம்மதம்,
நேராகப் போனால் அன்றிரவு சண்டை.
நாம் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் புள்ளி தலையில் உட்கார்ந்து
எழுத்தின் வாயை மூடும்.
அவர்களுடையது காலடியில் கிடந்து
வாயை இன்னும் கொஞ்சம் திறக்கும்.

கட்டங்களை மொட்டை எழுத்தாக்கி அச்சடித்தோம்.
கடைசித் தாள் விழுந்ததும் கரண்ட் போனது.
இரண்டு ஜெல் பேனா, ஒரு செல்போன் வெளிச்சம்,
அறுபத்திரண்டு பக்கம் பழமொழி.
அவளுக்கு இடம் தெரியும், கை நடுங்குகிறது.
எனக்குக் கை நிதானம், இடம் தெரியாது.
அதற்கும் அவளிடம் ஒன்று இருந்தது:
குழந்தை கைக்குப் பரண் எட்டாது,
பெரியவர் கை குடுக்கைக்குள் நுழையாது.
"இதில் யார் குழந்தை?" என்றேன்.
"பேசாமல் புள்ளி வையுங்கள்."

நாற்பதாம் பக்கத்தில் அஜாயி என்றொரு பையன்.
ஊரை எரித்துப் பிடித்துப்போனார்கள்.
ஒரு குதிரைக்கு மாற்றாகக் கொடுத்தார்கள்.
குதிரை சரியில்லை என்று வியாபாரம் திரும்பியது.
கைமாறிக் கைமாறிக் கடைசியில் கடல்.
கப்பலை இன்னொரு கப்பல் மறித்ததால்
கரைசேர்ந்தவன், வளர்ந்து
தன் மொழியின் சொற்களைத் தொகுத்தான்,
பழமொழிகளையும் விடாமல்.
இருபத்தைந்து வருஷம் கழித்து அம்மாவைப் பார்த்தான்.
"பார்த்ததும் அந்தம்மா என்ன சொன்னாங்க?"
"அது என் ஆய்வில் இல்லை."

அடுத்த பக்கம்:
சொல்லுக்குக் குதிரை பழமொழி,
சொல் தொலைந்தால் அதிலேறித் தேடு.
என் பேனா நின்றது.
"அதே குதிரையா?"
"இல்லை," என்றாள்.
இரண்டு பக்கம் தாண்டி, "தெரியவில்லை."

பழமொழி பொய்த்தால் பழஞ்சோறும் சுடும் என்று
என் பங்குக்கு ஒன்று எடுத்துவிட்டேன்.
உங்களுக்குக் குதிரை, எங்களுக்குச் சோறு.
கையில் எழுதிக்கொண்டாள்.

பெயரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள்.
கொஞ்சிச் சீராட்ட ஒருத்தி கிடைத்தாள் எனக்கு
என்று அர்த்தமாம். அப்பா வைத்தது.
மூன்று புள்ளியும் அவளே வைத்தாள், மூச்சுவிடாமல்.
நாலு நாற்பதுக்குக் குப்பைப்பையில் சுற்றிய ஏட்டோடு
ஈசிஆரைக் குறுக்கே கடந்து ஓடினாள்.
பாண்டி பஸ் ஒன்று அவளைத் திட்டிக்கொண்டே போனது.

ஆறு மணிக்கு லைன்மேன் வந்தார்.
நனைந்த கம்பத்தில் ஏணி சாத்தி
ஏறிக்கொண்டிருந்தவரைப் பார்த்து
"ஏ கூ இஷே" என்றேன்.
"என்னம்மா?"
"ஒண்ணுமில்லைண்ணே.
டீ சொல்லட்டுமா?"