இரண்டு நிமிடம்

ஏழு மணிக்கு ஷிப்ட் முடிகிறது.
கம்பெனி பஸ் என்னை டோல் தாண்டி இறக்கிவிட்டு
ஒரு பெருமூச்சோடு போய்விடுகிறது.
அங்கிருந்து வீட்டுக்கு
காரில் போகிறவர்களுக்கு ஆறு கிலோமீட்டர்.
எனக்கு, இந்தப் பாதை போட்ட பிறகு,
ஆயிரத்து எண்ணூறு மீட்டர்.
நூறு மீட்டருக்கு ஒருமுறை
தரையில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள்.

சுங்கை செராய் தோட்டத்தின் பதினாலாம் பிளாக் இது.
செம்பனையைச் சாய்த்தார்கள், வீடு கட்ட வந்தார்கள்.
கொட்டிய கல்லையெல்லாம் விழுங்கிவிட்டு
மண் இன்னும் கொண்டா என்றது.
சரி, வெள்ளம் வந்தால் நிற்க
அதற்கும் ஓர் இடம் வேண்டுமே என்று
நகராண்மைக் கழகம் தண்ணீருக்கே விட்டுக்கொடுத்தது.
ஓரமாய் ஒரு சிவப்புப் பாதை, எட்டடி அகலம்.
அறிவிப்புப் பலகை, மூன்று மொழியில்.
தமிழில் மட்டும் கொம்புகள் கழன்று
பக்கத்து எழுத்தை முட்டிக்கொண்டு நிற்கின்றன.
கரையோரம் செல்லாதீர் என்பதை
வாசித்துப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது.
படத்தில் முதலை இருந்தது.

முதலை இல்லை. உடும்பு உண்டு.
அதற்கு வெயில் வேண்டுமென்றால் பாதை நடுவில் படுக்கும்.
நாங்கள் காத்திருப்போம்.

இரவு முழுக்க எனக்கு வேலை தண்ணீர்தான்.
கையுறையைக் குழாயில் மாட்டி
ஒரு லிட்டர் ஊற்றி
இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
ஐந்து விரலும் கொழுத்துத் தொங்கும்,
பசு மடி மாதிரி என்பாள் புனிதவதி.
(பசுவை அவள் பால் டின்னில்தான் பார்த்திருக்கிறாள்.)
விரலிடுக்கில் ஒரு துளி முளைத்தால் எழுதிக்கொள்வோம்.
கணக்கு மிஞ்சினால் அத்தனை பெட்டியும் திரும்பிப் போகும்.
மிஞ்சாவிட்டால்
எங்கோ ஒரு டாக்டரின் கை
எங்கோ ஒருவரின் வயிற்றுக்குள் போகும்.

அதனால் காலையிலும்
கண் தானாகக் கசிவைத் தேடுகிறது.
நானூறில் சம்பங்கோரையின் அடியில் குமிழிகள்.
அறுநூறில் நீலக்கோழிகள்,
இலைமேல் கால்மாற்றிக் கால்மாற்றி,
சப்பாத்து நனைந்துவிடும் என்பதுபோல.
தூரத்தில் கோலாலம்பூர்
புகைக்குள் நாலைந்து பென்சிலாக.
அங்கிருந்து காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு
ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள்.
போன வாரம் ஒருத்தி கேட்டாள்:
அக்கா, இந்தப் பாதை எங்கே தொடங்குகிறது?
தெரியாதும்மா,
நான் பஸ் ஸ்டாப்பில் தொடங்குகிறேன்.

இன்று ஆயிரத்து நூறில் தரை சற்றே அமுங்கியிருந்தது.
நேற்று இல்லாத விரிசல், மயிரளவு.
அதிலிருந்து ஒரு துளி
தலையை நீட்டியது.

நின்றேன். மணிக்கட்டைத் திருப்பினேன்.
ஏழு முப்பத்தொன்பது.

புல் வெட்டும் ருபேல் மெஷினை அணைத்துவிட்டு வந்தான்.
என்ன விழுந்தது என்றான் மலாயில், காதணியா?
ஒன்றும் விழவில்லை. ஏறி வருகிறது, பார்.
இருவரும் குனிந்து நின்றோம்.
இரண்டாவது துளி, மூன்றாவது.
பிறகு எண்ண முடியவில்லை,
ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு
ஆயிரத்து நூறின் முதல் சைபருக்குள் போய்
வட்டமாய் உட்கார்ந்தது.
ஏழு நாற்பத்தொன்று.

தேறவில்லை, என்றேன்.
எது தேறவில்லை என்று அவன் கேட்கவில்லை,
நல்லவேளை.
பாதையைச் சொல்லியிருப்பேனா?
திருப்பி அனுப்பவும் யாருடைய பெட்டி இது?
அவன் மெஷினை முடுக்கினான்.
நான் சப்பாத்தோடு அதில் கால் வைத்தேன்,
குளிர்ச்சி காலுறைவரை வந்தது.
மிச்ச எழுநூறு மீட்டரும்
இடதுகால் மட்டும் சத்தமிட்டுக்கொண்டே நடந்தது.

பிளாட் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்திருக்கிறது.
நான் பார்க்கவில்லை.
கை கழுவக் குழாயைத் திறந்தேன்.
ஒரு இருமல், கொஞ்சம் காற்று.
ரப்பர் வாசம் அடிக்கும் இரண்டு கையையும்
அடியில் ஏந்திக்கொண்டு
குழாயின் வாயையே பார்த்தபடி
நிற்கிறேன்.